ஆர்ப்ரோத்தும் அதன் கால்பந்தும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஸ்காட்லாந்தின் டண்டி நகரில் வசிக்கும் எனக்கு, பக்கத்து ஊரான ஆர்ப்ரோத்துக்குப் போய்க் கால்பந்து பார்ப்பது பல ஆண்டுப் பழக்கம். இதைக் கேள்விப்படும் உறவினர்களும் நண்பர்களும், டண்டிக்குப் படிக்க வரும் பிள்ளைகளும், ஏறக்குறைய ஒரே ஐயங்களை ஒரே வரிசையில் கேட்கிறார்கள். ஒவ்வொருவருக்கும் முதலிலிருந்து சொல்லி வந்ததை இங்கே எழுதி வைக்கிறேன். கேள்விகளைக் கேட்டவர்களின் வார்த்தைகளிலேயே விட்டிருக்கிறேன்.

ஆர்ப்ரோத் எங்கே இருக்கிறது? கிராமமா, நகரமா?

ஸ்காட்லாந்தின் கிழக்குக் கரையில், ஆங்கஸ் வட்டாரத்தில், வட கடலைப் பார்த்தபடி இருக்கும் சிறு நகரம் அது. டண்டியிலிருந்து அபர்டீன் செல்லும் ரயிலில் ஏறினால் இருபது நிமிடத்தில் இறங்கிவிடலாம். மக்கள்தொகை சுமார் 24,000. ஊருக்குள் ஓடிக் கடலில் கலக்கும் பிரோத்தக் என்ற ஓடையால் 'அபர்பிரோத்தக்' என்று பழைய பெயர். 'அபர்' என்றால் முகத்துவாரம்.

மீன்பிடித்தலும், லினன் மற்றும் பாய்மரத் துணி நெசவும், இரும்பு வார்ப்பும் ஊருக்குச் சோறு போட்ட தொழில்கள். 1842-இல் அலெக்சாண்டர் ஷாங்க்ஸ் என்ற இவ்வூர்க்காரர் மட்டக்குதிரை இழுக்கும் புல்வெட்டும் இயந்திரம் ஒன்றைப் பதிவு செய்தார். வழவழப்பான புல்தரை விளையாட்டுக்குக் கிடைத்ததில் இந்த ஊருக்கும் ஒரு பங்கு உண்டு. பியூக் கார்களின் பெயருக்குரிய டேவிட் டன்பார் பியூக்கும் 1854-இல் இங்கேதான் பிறந்தார். ஆனால் சிறு குழந்தையாக இருக்கும்போதே குடும்பம் அமெரிக்காவுக்குப் போய்விட்டதால், ஊருக்கு அவர் தந்தது பெருமை மட்டுமே.

'ரெட் லிக்டீஸ்' என்கிறார்களே, அது அணியின் பெயரா, ஊர்க்காரர்களின் பெயரா?

இரண்டும்தான். ஸ்காட்டுப் பேச்சில் 'லிக்ட்' என்றால் விளக்கு. இருட்டில் கரை திரும்பும் படகுகளுக்கு வழிகாட்ட இங்கே எரிந்த சிவப்பு விளக்கிலிருந்து ஊர் மக்களுக்கு அந்தப் பட்டப்பெயர் வந்தது. ஊரிலிருந்து அணிக்கு வந்தது. ஊர் நடுவே இடிந்து நிற்கும் மடாலயத்தின் உச்சியில் வட்டமான பெரிய சாளரம் ஒன்று இருக்கிறது. அதில் விளக்கேற்றி மாலுமிகளுக்குக் காட்டினார்கள் என்ற வழக்கும் உண்டு. அந்தச் சாளரத்தை இன்றும் 'வட்ட ஓ' என்றே அழைக்கிறார்கள்.

36–0 என்று ஒரு ஆட்டம் முடிந்ததாமே, உண்மையா?

உண்மை. 1885 செப்டம்பர் 12 அன்று ஸ்காட்டிஷ் கோப்பையின் முதல் சுற்றில், அபர்டீனிலிருந்து வந்த போன் அக்கார்டு அணியை ஆர்ப்ரோத் 36–0 என்று வென்றது. பாதி ஆட்டத்தில் 15–0. பதினெட்டு வயது இளைஞரான ஜாக்கி பெட்ரி தனி ஒருவராக 13 கோல்கள் அடித்தார். நடுவர் செல்லாது என்று தள்ளிய கோல்களே ஏழு இருக்கும் என்றும் குறிப்புகள் சொல்கின்றன.

அக்காலத்துக் கோல் கம்பங்களில் வலை கிடையாது. வலை 1890-களில்தான் வந்தது. எனவே ஒவ்வொரு கோலுக்குப் பிறகும் யாராவது ஓடிப்போய்ப் பந்தை எடுத்துவர வேண்டியிருந்தது. அந்த நேரமும் மிச்சமாகியிருந்தால் எண்ணிக்கை எங்கே போய் நின்றிருக்கும் என்று உள்ளூர் முதியவர்கள் இன்றும் கணக்குப் போடுவார்கள். ஆர்ப்ரோத்தின் கோல் காப்பாளருக்குப் பந்தைத் தொடும் வேலையே வரவில்லை என்றும், மழைக்குப் பார்வையாளர் ஒருவரிடம் குடை வாங்கிப் பிடித்தபடி நின்றார் என்றும் சொல்வார்கள். குடை உண்மையிலேயே இருந்ததா, பிறகு கதையில் சேர்க்கப்பட்டதா என்பதில் எனக்குச் சந்தேகம் உண்டு. ஆனால் மழை பெய்யும் செப்டம்பர் என்பது ஆர்ப்ரோத்தில் நம்பக்கூடியதே.

எதிரே வந்தது கிரிக்கெட் அணி என்று படித்தேன். தவறான முகவரிக்கு அழைப்பு போய்விட்டதாமே?

அந்தக் கதை மிகவும் பரவலானது: அபர்டீனின் ஓரியன் கால்பந்து அணிக்குப் போக வேண்டிய அழைப்பு ஓரியன் கிரிக்கெட் அணிக்குப் போய்ச் சேர்ந்துவிட்டது, அவர்கள் மறுக்க மனமில்லாமல் 'போன் அக்கார்டு' என்று பெயர் வைத்துக்கொண்டு வந்தார்கள் என்று அது போகும். கேட்கச் சுவையாக இருந்தாலும் இதற்கு வலுவான ஆதாரம் இல்லை. 'போன் அக்கார்ட்' என்பது அபர்டீன் நகரத்தின் இலச்சினை வாசகம்; அந்நகரத்து அணி ஒன்று அப்பெயரை வைத்துக்கொள்ளத் தனிக் காரணம் எதுவும் தேவையில்லை.

என் கருத்தில் விளக்கம் எளிமையானது. ஸ்காட்லாந்தின் வடகிழக்கில் கால்பந்து அப்போதுதான் வேர்விட்டுக்கொண்டிருந்தது. அதே நாளில், அதே கோப்பையில், டண்டி ஹார்ப் என்ற அணி அபர்டீன் ரோவர்ஸ் அணியை 35–0 என்று வென்றது. ஒரே பிற்பகலில் அபர்டீனின் இரண்டு அணிகள் இப்படித் தோற்றிருக்கும்போது, தவறிப்போன அழைப்பிதழை விட ஆட்ட அனுபவத்தின் ஏற்றத்தாழ்வே பொருத்தமான காரணமாகத் தெரிகிறது. 35-இல் நின்ற ஹார்ப் அணிக்காரர்கள் அன்று மாலை உலக சாதனை தங்களுடையது என்று கொஞ்ச நேரமாவது நினைத்திருப்பார்கள்; அந்த ஏமாற்றம்தான் இந்தக் கதை முழுவதிலும் எனக்குப் பிடித்த பகுதி.

மடகாஸ்கரில் 149–0 வந்துவிட்டதே, இன்னும் எதற்கு இதைப் பேசுகிறார்கள்?

2002 அக்டோபர் 31 அன்று மடகாஸ்கரில் ஏ.எஸ். அடேமா அணி 149–0 என்று வென்றது உண்மை. ஆனால் அந்த 149 கோல்களையும் அடித்தது தோற்ற அணியே. நடுவர் தீர்ப்பு ஒன்றை எதிர்த்துப் போராட்டமாக, தங்கள் கோலுக்குள்ளேயே திரும்பத் திரும்ப உதைத்துக்கொண்டார்கள். எண்ணிக்கையில் அது பெரிது. அதை ஆட்டத்தில் சேர்ப்பதா என்பது அவரவர் முடிவு. பிரிட்டனின் முதல்தர ஆட்டங்களில் 36–0 இன்றும் முறியடிக்கப்படவில்லை.

சர்வதேச ஆட்டங்களில் நெருங்கி வந்தது, 2001-இல் அமெரிக்க சமோவாவை ஆஸ்திரேலியா 31–0 என்று வென்றதுதான். அதில் ஆர்ச்சி தாம்ப்சன் அடித்த கோல்களும் பதின்மூன்று. பெட்ரியின் அதே எண்.

அந்த ஆட்டம் நடந்த அதே மைதானத்தில்தான் இப்போதும் ஆடுகிறார்களா?

ஏறக்குறைய. 1878-இல் தொடங்கிய சங்கம் 1880 முதல் கேஃபீல்டில் ஆடிவருகிறது. ஆனால் 1925-இல் ஆடுகளத்தைச் சற்றுத் தள்ளி அமைத்து மைதானத்தைப் புதிதாகக் கட்டினார்கள். ஆகவே பெயரும் இடமும் அதே. புல்தரை முழுவதும் அதே அல்ல. 36–0 நடந்த மண்ணைத் தொட வேண்டும் என்று வருகிறவர்களுக்கு இதை முன்பே சொல்லிவிடுவது நல்லது.

இங்கே மிக அதிகக் கூட்டம் வந்தது 1952 பிப்ரவரியில், ரேஞ்சர்ஸ் அணியுடன் நடந்த கோப்பை ஆட்டத்துக்கு: 13,510 பேர். இன்றைய பாதுகாப்பு விதிப்படி அதில் பாதிப்பேர்தான் நுழைய முடியும். ஒரு பக்கத்தில் மட்டும் இருக்கைகள். மற்ற மூன்று பக்கங்களிலும் படிக்கட்டுத் தரையில் நின்றபடிதான் பார்க்க வேண்டும்.

மைதானம் கடலுக்கு எவ்வளவு பக்கம்?

ஐரோப்பாவிலேயே கடலுக்கு மிக அருகிலுள்ள கால்பந்து மைதானம் என்று இதைச் சொல்வது வழக்கம். அளந்து பார்த்துத் தீர்ப்பு சொல்ல நான் ஆளில்லை. கடல் பக்கத்துச் சுவருக்கு அப்பால் சாலை, சாலைக்கு அப்பால் கற்கள், கற்களுக்கு அப்பால் தண்ணீர், அவ்வளவுதான். கடல் கொந்தளிக்கும் நாளில் அலை நுரை சுவரைத் தாண்டி வந்து பார்வையாளர்கள் மேல் தெறிக்கும். என் மூக்குக் கண்ணாடியில் படிந்த உப்பை இரண்டாம் பாதி முழுவதும் துடைத்துக்கொண்டே பார்த்த ஆட்டம் ஒன்று உண்டு.

காற்றுதான் இங்கே பன்னிரண்டாவது ஆட்டக்காரர். ஒரு ஜனவரி சனிக்கிழமை, விருந்தினர் அணியின் கோல் காப்பாளர் ஓங்கி உதைத்த பந்து மேலே ஏறி, நடுவானில் ஒரு கணம் தயங்கி, பின்பு அவர் பக்கமே திரும்பி வந்து பக்கவாட்டுக் கோட்டைத் தாண்டி விழுந்தது. கூட்டம் சிரித்தது, அவர் சிரிக்கவில்லை. உள்ளூர் வீரர்கள் காற்றுக்கு எதிரே ஆடும்போது பந்தைத் தரையைவிட்டு எழவிடுவதில்லை. வெளியூர் அணிகளுக்கு அது புரிவதற்குள் பெரும்பாலும் பாதி ஆட்டம் முடிந்திருக்கும்.

காற்று பந்தைத் திருப்பி உதைத்தவரின் கோலுக்குள்ளேயே தள்ளிவிட்டால் என்ன செய்வார்கள்?

மேலே சொன்ன காட்சியைக் கேட்டவர்கள் அடுத்து கேட்பது இதைத்தான். கோல் கிக்காக உதைத்த பந்து வேறு யார் மேலும் படாமல் உதைத்த அணியின் கோலுக்குள் போனால், அது கோல் ஆகாது. எதிரணிக்குக் கார்னர் கிடைக்கும். ஃப்ரீ கிக், த்ரோ ஆகியவற்றுக்கும் இதே விதிதான். ஆனால் ஆட்டம் ஓடிக்கொண்டிருக்கும்போது கையில் பிடித்த பந்தைக் காப்பாளர் உதைத்து, அது திரும்பிவந்து உள்ளே போனால், கோல் கோல்தான். கேஃபீல்டில் ஆடும் காப்பாளர்கள் இந்த வேறுபாட்டைத் தெரிந்து வைத்திருப்பது நலம்.

வீரர்களுக்கெல்லாம் வேறு வேலை இருக்கிறதாமே? அப்படியானால் இது தொழில்முறை அணி இல்லையா?

தொழில்முறை அணிதான், ஆனால் பகுதிநேர அணி. வீரர்களுக்குச் சம்பளம் உண்டு, ஒப்பந்தம் உண்டு. அது குடும்பம் நடத்தப் போதாது. பகலில் அவரவர் வேலை, வாரத்தில் இரண்டு மாலை பயிற்சி, சனிக்கிழமை ஆட்டம். பல ஆண்டுகள் ரசிகர்களின் செல்லப்பிள்ளையாக இருந்த பாபி லின் பகலில் குப்பை அகற்றும் பணியாளர். காலையில் தெருத்தெருவாகத் தொட்டிகளை இழுத்தவர் மாலையில் பக்கவாட்டில் ஓடிப் பந்தை வளைத்துப் போடுவார்.

ஸ்காட்லாந்தின் நான்கு லீக் பிரிவுகளில் மொத்தம் 42 அணிகள்: மேலே 12, கீழே மூன்று பிரிவுகளில் பத்துப் பத்து. கீழ் இரண்டு பிரிவுகளில் பகுதிநேர அணிகள் சாதாரணம். இரண்டாம் நிலையில் ஒரு பகுதிநேர அணி நீடிப்பதே அரிது. அடுத்த கேள்விக்கான பதிலைப் புரிந்துகொள்ள இது தேவை.

2022-இல் என்னவோ நடந்ததாம். ஊரே இன்னும் அதையே பேசுகிறது. என்ன அது?

டிக் கேம்ப்பெல் என்ற அனுபவசாலி 2016-இல் பயிற்சியாளராக வந்தபோது அணி நான்காம் நிலையில் கிடந்தது. 2016–17-இல் அந்தப் பிரிவை வென்றது. 2018–19-இல் மூன்றாம் நிலையை வென்று இரண்டாம் நிலைக்கு ஏறியது. 2021–22 பருவத்தில் அந்தப் பிரிவின் பத்து அணிகளில் ஆர்ப்ரோத் ஒன்றே பகுதிநேர அணி. தரமிறங்காமல் தப்பினால் போதும் என்று எல்லோரும் நினைத்திருக்க, அது பட்டியலின் உச்சிக்கு ஏறி, பருவத்தின் கடைசி வாரங்கள் வரை பட்டத்துக்குப் போட்டியிட்டது.

2022 ஏப்ரல் 22 அன்று கில்மார்னக் ஊரில், அந்த ஊர் அணிக்கு எதிராகவே பட்டத்தைத் தீர்மானிக்கும் ஆட்டம். முதலில் கோல் அடித்தது ஆர்ப்ரோத். ஆனால் கில்மார்னக் சமன் செய்து, ஆட்டம் முடியும் தறுவாயில் இரண்டாவது கோலையும் அடித்துப் பட்டத்தை எடுத்துக்கொண்டது. இரண்டாம் இடத்தோடு தகுதிச் சுற்றுக்குப் போன ஆர்ப்ரோத், இன்வர்னெஸ் அணியுடன் ஆடிய இரண்டு ஆட்டங்களும் 0–0 என்று முடிந்து, பெனால்டியில் தோற்றது. மேல்நிலைக்குப் போகும் வாசல் அத்துடன் மூடியது.

36–0-ஐ விட இதுவே பெரிய சாதனை என்பேன். முன்னது, ஆடத் தெரியாதவர்களை ஆடத் தெரிந்தவர்கள் ஒரு பிற்பகலில் வென்றது. பின்னது, பகலில் வேறு வேலை பார்க்கிறவர்கள், பந்தே வேலையாக உள்ளவர்களை ஒரு பருவம் முழுவதும் எதிர்த்து நின்றது. இதை ஊரில் சொன்னால் பாதிப்பேர் ஒத்துக்கொள்வார்கள். மீதிப்பேர், தோற்றதை எப்படிச் சாதனை என்கிறாய் என்று கேட்பார்கள்.

அதற்குப் பிறகு?

2023 நவம்பரில் கேம்ப்பெல் விலகினார்; 2024-இல் அணி தரமிறங்கியது; 2024–25-இல் மூன்றாம் நிலையை மீண்டும் வென்று இரண்டாம் நிலைக்குத் திரும்பியது.

முதல் பிரிவில் எப்போதாவது ஆடியிருக்கிறதா?

ஆடியிருக்கிறது. கடைசியாக 1974–75-இல். ஆல்பர்ட் ஹெண்டர்சன் 1962 முதல் 1980 வரை பயிற்சியாளராக இருந்த காலம் அது. 1974 பிப்ரவரியில் கிளாஸ்கோவுக்குப் போய், ரேஞ்சர்ஸ் அணியை அவர்களுடைய ஐப்ராக்ஸ் மைதானத்திலேயே 3–2 என்று வென்றது. அதற்கும் முன்னால், 1880-களில், நெட் டாய்க் என்ற கோல் காப்பாளர் ஆர்ப்ரோத் வீரராக இருந்தபோதே ஸ்காட்லாந்துக்கு ஆடினார். பிறகு சண்டர்லாண்டுக்குப் போய் நான்கு முறை இங்கிலாந்து லீக் பட்டம் வென்றார். வழுக்கையை மறைக்க எப்போதும் தொப்பி அணிந்திருப்பாராம். தொப்பி விழுந்தால் பந்தை விட்டுவிட்டுத் தொப்பியைத் துரத்துவார் என்று கேலி பேசியிருக்கிறார்கள்.

ஊரில் 'ஜூனியர்' அணி ஒன்றும் இருக்கிறது என்றார்கள். சிறுவர் அணியா?

இல்லை, இந்தச் சொல் எல்லோரையும் ஏமாற்றும். ஸ்காட்லாந்தில் 'ஜூனியர்' கால்பந்து என்றால் வயதைக் குறிப்பதல்ல. லீக் அணிகளிலிருந்து தனியாக, தனிச் சங்கத்தின் கீழ், தனிக் கோப்பையோடு வளர்ந்த ஒரு பிரிவைக் குறிக்கும். முப்பது வயது தாடிக்காரர்களும் அதில் ஆடுவார்கள். 1882-இல் தொடங்கிய ஆர்ப்ரோத் விக்டோரியா அத்தகைய அணி. அவர்களின் இடம் ஓகில்வி பார்க். உள்ளூரில் 'விக்ஸ்' என்பார்கள். நுழைவுச் சீட்டு மலிவு. வீரர்கள் திட்டுவதும் தெளிவாகக் காதில் விழும்.

பக்கத்து ஊர்களோடு பகை உண்டா?

பகை என்பது பெரிய சொல், வீம்பு உண்டு. ஆங்கஸ் வட்டாரத்தில் ஆர்ப்ரோத், ஃபோர்ஃபார், மான்ட்ரோஸ், பிரீக்கின் என்று நான்கு சிறு நகரங்கள் பல பத்தாண்டுகள் ஆளுக்கொரு லீக் அணி வைத்திருந்தன. 2021-இல் பிரீக்கின் அணி லீக்கிலிருந்தே கீழே விழுந்தது. மைதானத்தின் ஒரு பக்கம் சுவருக்குப் பதில் உயிர்வேலி வளர்ந்து நிற்கும் அழகான இடம் அவர்களுடையது. அந்த வேலியைப் பார்க்கவாவது ஒருமுறை போக வேண்டும்.

ஸ்காட்லாந்தின் சுதந்திரப் பிரகடனம் இங்கே எழுதப்பட்டது என்கிறார்களே?

அது கடிதம். 1320 ஏப்ரல் 6 என்று தேதியிட்டு, எட்டு ஏர்ல்களும் பல பிரபுக்களும் தங்கள் பெயரால் போப் இருபத்திரண்டாம் ஜானுக்கு லத்தீனில் அனுப்பியது. ராபர்ட் புரூஸைத் தங்கள் மன்னராக ஏற்க வேண்டும், இங்கிலாந்து மன்னர் தங்களை நிம்மதியாக விட வேண்டும் என்பது கோரிக்கை. எங்களில் நூறு பேர் உயிரோடு இருக்கும் வரை ஆங்கிலேய ஆட்சிக்கு அடங்கமாட்டோம் என்பது அதில் புகழ்பெற்ற பகுதி. போப்புக்குப் போன பிரதி கிடைக்கவில்லை. இங்கே வைத்துக்கொண்ட பிரதி எடின்பரோ ஆவணக் காப்பகத்தில் இருக்கிறது. ஆர்ப்ரோத்துக்குப் போனால் மூலத்தைப் பார்க்க முடியாது என்று பொருள்.

பார்க்கக் கிடைப்பது மடாலயம்: 'சிங்கம்' வில்லியம் மன்னர் 1178-இல் நிறுவியது, அவர் அடக்கமானதும் அங்கேயே. 1950 கிறிஸ்துமஸ் அன்று லண்டன் வெஸ்ட்மின்ஸ்டரிலிருந்து நான்கு மாணவர்கள் தூக்கிவந்த ஸ்காட்லாந்தின் முடிசூட்டுக் கல், 1951 ஏப்ரலில் இங்கேதான் கொண்டுவந்து வைக்கப்பட்டது.

ஸ்மோக்கி என்பது கருவாடா?

கருவாடு அல்ல. கருவாட்டில் நீர் வற்ற வேண்டும். ஸ்மோக்கியில் நீர் நிற்க வேண்டும். ஹாடாக் மீனைத் தலை நீக்கிச் சுத்தம் செய்து, சிறிது நேரம் உப்பில் வைத்து, இரண்டிரண்டாக வாலோடு வால் சேர்த்துக் கயிற்றால் கட்டி, கழியில் தொங்கவிட்டு, கட்டை எரியும் பீப்பாயின் மேல் வைத்து, ஈரச் சாக்கால் மூடுவார்கள். சாக்கு காய்ந்தால் தீ எழும்பும். நனைத்தால் புகை கூடும். ஒரு மணி நேரத்துக்குள் தோல் செம்பு நிறமாகி, உள்ளே சதை வெந்து பால்போல் வெளுத்திருக்கும். காகிதத்தில் சுற்றிச் சுடச்சுடத் தருவார்கள். முதுகெலும்பை விரலால் நெம்பி எடுத்துவிட்டு அப்படியே சாப்பிடலாம். வேறு மசாலா கிடையாது என்று ஊரிலிருந்து வந்த என் அத்தை முதலில் முகம் சுளித்தார். இரண்டாவதை அவரே கேட்டு வாங்கினார்.

பிறந்த இடம் ஆர்ப்ரோத் அல்ல, வடக்கே பாறைமேல் இருக்கும் ஆக்மித்தி என்ற மீனவக் கிராமம். அங்கிருந்து குடிபெயர்ந்தவர்களோடு இங்கே வந்தது. 2004 முதல் புவிசார் குறியீடு உண்டு: ஆர்ப்ரோத்திலிருந்து எட்டு கிலோமீட்டர் சுற்றுக்குள் இம்முறையில் செய்தது மட்டுமே அந்தப் பெயரில் விற்கலாம்.

ஆட்டம் பார்க்கப் போகும் நாளிலேயே மற்றவற்றையும் பார்க்க முடியுமா?

முடியும், எல்லாம் நடக்கும் தூரம். சனிக்கிழமை ஆட்டம் வழக்கமாகப் பிற்பகல் மூன்று மணிக்கு. காலையில் மடாலயம், பிறகு துறைமுகத்தில் ஸ்மோக்கி, அடுத்து மைதானத்துக்குப் பக்கத்திலேயே இருக்கும் சிக்னல் கோபுர அருங்காட்சியகம். கடலில் 18 கிலோமீட்டர் தொலைவில், அலை மூடும் பாறைமேல் ராபர்ட் ஸ்டீவன்சன் கட்டி 1811-இல் ஏற்றிய பெல் ராக் கலங்கரை விளக்கத்துக்குச் செய்தி அனுப்ப 1813-இல் எழுந்த கோபுரம் அது. விளக்குக் காவலரின் மனைவிக்கு ஆண் குழந்தை பிறந்தால் கால்சட்டையும், பெண் குழந்தை பிறந்தால் பாவாடையும் கொடிக்கம்பத்தில் ஏற்றிக் காட்டுவார்களாம்.

துறைமுகத்தில் உயிர்காப்புப் படகு நிலையமும் உண்டு. 1803 முதல் ஊரில் இந்தச் சேவை நடக்கிறது. 1953 அக்டோபர் 27 அன்று படகு கவிழ்ந்து ஏழு பேரில் ஆறு பேர் இறந்தார்கள். அங்கே படம் எடுக்கிறவர்கள் சற்று அடக்கத்தோடு எடுப்பது நல்லது. மைதானத்துக்கு மே மாதமானாலும் காற்றுப் புகாத மேலங்கி எடுத்துச் செல்லுங்கள். குடை வேண்டாம், முதல் ஐந்து நிமிடத்தில் கம்பி மட்டும்தான் கையில் இருக்கும்.